நான் தொடவே இல்லையே!

வொர்த்திங்,
11 ஜனவரி 1993

அன்புள்ள எனிட்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ இதை அடுப்பில் போட்டுவிடுவாய் என்கிறாள் என் அக்கா நோரா. "போடட்டுமே, விட்பியில இப்ப நல்ல குளிரு" என்றேன். நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவள் தோற்றாள்.

நம் ‘தொட்டால் உடையும்’ தொடர் நின்றுபோய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. இந்த ஊருக்கு நான் இன்னும் வால்டர்தான். போன வாரம் மீன் வறுவல் கடையில் எண்ணெய்ச் சட்டி புகைந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அடுப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். வேறு என்ன செய்ய? இரண்டு கையையும் தூக்கி, "நான் தொடவே இல்லையே!" என்றேன். கடையே குலுங்கியது. கடைக்காரி உருளைக்கிழங்கை அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு, "மேபெல் சௌக்கியமா?" என்று கேட்டாள். சௌக்கியம் என்றேன். உனக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பதை மீன் கடையிலா சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். தொலைக்காட்சியில் இப்போது ஒரு இளம்பெண் பொறுப்பில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நம்மைப் பார்த்தே வளர்ந்தவளாம். கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு பாகம் வேண்டும் என்கிறாள். வால்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறான். மேபெலின் கதி என்ன? நம் பழைய வசனகர்த்தா பெர்ட் எழுதி முடித்துவிட்டான். கிழவனுக்குக் கை நடுங்குகிறது, வசனம் நடுங்கவில்லை. சிரிப்பு வருகிற வசனங்களில் பாதி இந்த முறை உனக்கு. நான்தான் அடம்பிடித்தேன்.

ஒன்றே ஒன்று. மார்ச்சுக்குள் எடுத்து முடிக்க வேண்டும். அதற்கு மேல் எனக்குத் தோதுப்படாது.

வருவாயா?

செட்ரிக்

*

விட்பி,
19 ஜனவரி 1993

திரு. செட்ரிக் ஹாலம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. நான் கேஸ் அடுப்புக்கு மாறி வெகுநாளாகிறது.

தொடர் ‘நின்றுபோய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக நிற்கவில்லை. நீங்கள் நிறுத்தினீர்கள். அடுத்த வருடத்து உடைகளுக்கு அளவு கொடுக்க மறுநாள் லண்டன் போக வேண்டும் என்று நான் அழகு நிலையத்தில் தலைமுடிக்குச் சுருள் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரி பத்திரிகையை நீட்டி, "என்ன மேபெல், உன் வீட்டுக்காரர் அமெரிக்கா போறாராமே, உன்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. தலையில் அத்தனை கொக்கிகளோடு உட்கார்ந்து அதைப் படித்தேன்.

அங்கே நீங்கள் நடித்த அந்தப் படத்தையும் பார்த்தேன். நீங்கள் ஒரு பங்களாவின் கதவைத் திறந்தீர்கள். பிறகு மூடினீர்கள்.

உங்களுக்காவது ஒரு கதவு இருந்தது. எனக்கு அதற்குப் பிறகு வந்த ஒரே வேலை கேக் மாவு விளம்பரம். "மேபெல் மாதிரியே முறைங்க, போதும்" என்றார்கள். முறைத்தேன். இப்போது உயிர்காப்புப் படகுக்காரர்கள் நிதி திரட்ட நடத்தும் கடையில் வாழ்த்து அட்டையும் சாவி வளையமும் விற்கிறேன். வாங்குகிறவர்கள் எதையாவது கீழே போட்டுவிட்டு உங்கள் வசனத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் வசனத்தை யாரும் சொல்வதில்லை. எனக்கு வசனம் ஏது? ஏழு வருடம் பந்தை உயர்த்திக் கொடுத்தவள் நான், அடித்துக் கைதட்டல் வாங்கியவர் நீங்கள்.

இப்போது பாதி கொடுக்கிறீர்களாம். தாராளம்தான். எனக்கு வேண்டாம்.

எனிட் பர்ஸ்லோ

*

வொர்த்திங்,
26 ஜனவரி 1993

எனிட்,

‘நீங்கள்’ ஆகிவிட்டேனா? ஏழு வருடம் ஒரே போர்வைக்காக இழுபறி நடத்தியவர்கள் நாம், காமிராவுக்கு முன்னால்தான் என்றாலும். நீ எவ்வளவு மரியாதை கொடுக்கிறாயோ அவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்காவைப் பற்றி நான் என்ன சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல். அங்கிருந்து வந்த அழைப்புக் கடிதம் எனக்கு வராமல் உனக்கு வந்திருந்தால் நீ போயிருக்க மாட்டாயா? பெட்டியில் துணி அடுக்கிவிட்டுத்தானே எனக்கு விஷயத்தைச் சொல்லியிருப்பாய்? பிறகு, கதவைத் திறந்து மூடுவது லேசான காரியம் இல்லை. அதன் கைப்பிடி என் கையோடு வந்துவிடும் என்று படக்குழுவே காத்துக்கொண்டிருந்தது. வரவில்லை. என் தொழில் அங்கேதான் முடிந்தது.

திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. ஒத்திகை அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மார்ச்சில் வா. ஆண்டுக் கடைசியில் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

செட்ரிக்

*

விட்பி,
2 பிப்ரவரி 1993

திரு. ஹாலம்,

நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். போயிருப்பேன். ஆனால் முதல் நாள் ராத்திரியே உங்களுக்குப் போன் செய்து, அழுது, உங்கள் தூக்கத்தையும் கெடுத்துவிட்டுப் போயிருப்பேன். அதுதான் வித்தியாசம்.

மார்ச், மார்ச் என்று ஏன் இத்தனை அவசரம்? மறுபடி யாராவது அமெரிக்காவில் கதவு வைத்திருக்கிறார்களா? இலையுதிர்காலத்தில் வேண்டுமானால் யோசித்துச் சொல்கிறேன். யோசிப்பேன் என்றுதான் சொன்னேன், வருவேன் என்று சொல்லவில்லை. ஒருத்தி பதினான்கு வருடம் காத்திருக்கலாம் என்றால் நீங்கள் ஒரு கோடைகாலம் காத்திருக்க முடியாதா?

எ. பர்ஸ்லோ

*

வொர்த்திங்,
8 பிப்ரவரி 1993

எனிட்,

சரி. விட்டுவிடு. இலையுதிர்காலமும் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு எழுதிச் சொல்லிவிட்டேன்.

உன் மேல் கோபம் இல்லை.

செ.

*

விட்பி,
17 மே 1993

செட்ரிக்,

நேற்று உன் வீட்டுக்குப் போன் செய்தது நான்தான்.

உன் கடைசிக் கடிதத்தை மூன்று மாதமாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீ அவ்வளவு சின்னதாக எழுதுகிறவன் இல்லை. கோபம் இல்லை என்று வேறு எழுதியிருந்தாய். அதுதான் உறுத்தியது. கடைசியில் என் வீம்பு எனக்கே அலுத்துப்போய் ரிசீவரை எடுத்தேன்.

ஒரு பெண் குரல் "ஹலோ" என்றது.

"செட்ரிக் இருக்காரா? நான் எனிட். இலையுதிர்காலம் வரைக்கும் இழுக்க வேணாம், ஜூன்லயே வந்துடறேன்னு சொல்லணும்."

"விட்பி எனிட்டா?" என்றாள்.

"ஆமா. கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

"கூப்பிடறேன். வந்து என்ன பண்ணப் போறான்? காதுல வச்சுக்கிட்டு நிப்பான்."

"ஏன், என் மேல அவ்வளவு கோபமா?"

"கோபமாவது ஒண்ணாவது. குரல்வளையையே எடுத்துட்டாங்கம்மா. பிப்ரவரியில. புற்று. உனக்குத் தெரியாதா? உனக்குச் சொல்லலையா அவன்?"

நோரா சொல்லிக்கொண்டே போனாள். ஜனவரியிலேயே செய்துகொள்ளச் சொன்னார்களாம். ஏப்ரல் வரைக்கும் தள்ளிப்போடச் சொல்லி நீ டாக்டரிடம் கெஞ்சினாயாம். "ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றாயாம். அப்புறம் ஒரு நாள் தபால் வந்தது, அதைப் படித்துவிட்டு, "வேலை இல்லைன்னு ஆயிடுச்சு, போகலாம் வா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாயாம்.

அது என் கடிதம்.

"இங்கதான் நிக்கறான், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். ஏதாவது சொல்லு" என்றாள் நோரா. ரிசீவர் கை மாறியது எனக்குத் தெரிந்தது. நீ மறுமுனையில் இருந்தாய். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை நீ? ‘எனக்கு மார்ச் வரைதான் குரல்’ என்று ஒரு வரி எழுத உனக்கு எவ்வளவு மை ஆகியிருக்கும்? மீன் கடை வறுவலுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருக்கக் கூடாதா? நான் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தாயா? நான் உன் மேல் கோபப்பட வேண்டும், முடியவில்லை. என் மேல் கோபப்பட்டால் நிறுத்த முடியவில்லை.

எனிட்

*

வொர்த்திங்,
24 மே 1993

அன்புள்ள எனிட்,

மறுபடி ‘நீ’ ஆகிவிட்டேன். இதற்கு ஒரு குரல்வளை கொடுக்க வேண்டியிருந்தது.

போனில் நீ ஒன்றும் பேசவில்லை என்று வருத்தப்படாதே. நானும் பேசவில்லை. மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய், அதைக் கேட்டேன்.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அடுத்த ரயிலிலேயே வந்திருப்பாய். வந்து, காமிரா முன்னால் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். இரக்கப்படுகிற மேபெலை வைத்துக்கொண்டு யாரால் சிரிக்க வைக்க முடியும்? எனக்கு எரிந்து விழுகிற மேபெல் வேண்டும். அவள் தானாக வர வேண்டும். அது என் வீம்பு. வீம்பு உனக்கு மட்டும் சொந்தம் இல்லை.

இன்னொன்றும் கேள். கத்தி வைத்த பிறகு டாக்டர் என் படுக்கையில் வந்து உட்கார்ந்தார். நினைத்ததை விடப் புற்று கீழே இறங்கியிருந்ததாம். "ஏப்ரல் வரைக்கும் விட்டிருந்தா நான் உங்களோட பேசிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன், மிஸ்டர் ஹாலம்" என்றார். ஆகவே, நீ வராததால் நான் பிழைத்தேன். உனக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உயிர் போயிருந்தாலும் அந்த ஒரு பாகம் இருந்திருக்குமே என்று சில நாள் காலையில் தோன்றும். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும்.

கழுத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாகத்தான் மூச்சு. மேலே துணி கட்டிக்கொள்கிறேன், வெளியே போனால் கழுத்துக்குட்டை. எதையும் சொல்ல வேண்டுமானால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. சிரிப்புக்குச் சமயம்தானே எல்லாம்? சிலேட்டில் சமயம் கிடையாது.

ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். மீன் கடைக்கு இப்போது நோராதான் போகிறாள்.

தொலைக்காட்சிக்காரப் பெண் நல்லவள். புதியது இல்லாவிட்டால் பரவாயில்லை, ஜூலை முதல் ஞாயிறு மத்தியானங்களில் பழையதையே போடுகிறேன் என்கிறாள். முதல் இரண்டு வருடம் மட்டும் கிடையாது. வீடியோ நாடா விலை அதிகம் என்று அழித்துவிட்டு அதன் மேல் குதிரைப் பந்தயம் பதிந்துவிட்டார்களாம். எந்தக் குதிரை ஜெயித்ததோ, அதுவும் யாருக்கும் நினைவில்லை.

செட்ரிக்

*

விட்பி,
26 ஜூலை 1993

அன்புள்ள செட்ரிக்,

நேற்று நீயும் பார்த்திருப்பாய். ராணியின் வெள்ளி விழாவுக்குத் தெருவெல்லாம் மேஜை போட்டு விருந்து வைப்போமே, அந்தப் பாகம். நான் கடையை அரை நாள் மூடிவிட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டு மிஸஸ் கெட்டில்வெல் தன் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் பெட்டிக்கு ஒன்றும் இல்லை. மேபெலோடு உட்கார்ந்து மேபெலைப் பார்க்க அவளுக்கு ஆசை.

செட்டுச் சுவர் எப்படி ஆடுகிறது, பார்த்தாயா? நீ கதவைச் சாத்தினால் வரவேற்பறையே மூச்சு விடுகிறது. அந்தப் பச்சைப் பெயிண்ட் வாசனை எனக்கு மூக்கில் வந்துவிட்டது. ஒத்திகைக்குப் பிறகு கேன்டீனில் நாம் குடித்த, ஸ்பூன் நட்டால் நிற்கிற அந்தத் தேநீரும்.

மேஜை கவிழ்கிற கட்டத்துக்கு முன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நினைவிருக்கிறதா? கயிற்றை இழுத்தால் மேஜைக் கால் மடங்க வேண்டும். மடங்கவில்லை. நீ கேக்குக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாய், ஸ்டுடியோவில் முந்நூறு பேர் எதிரே உட்கார்ந்து பார்க்கிறார்கள், ஒன்றும் விழவில்லை. உன் கண்ணில் பயம் வந்தது. நான் ஓர் உதை விட்டேன். அத்தனை ஜெல்லியும் பாதிரியார் மடியில். நீ, "நான் தொடவே இல்லையே!" என்றாய். அந்த ஒரு தடவை நீ சொன்னது உண்மை.

சிரிப்பு நிற்கவே இல்லை. மிஸஸ் கெட்டில்வெல் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் குரலு இருக்கே, அந்தக் குரலு! வேற ஒருத்தனுக்கு வருமா?" என்றாள். "இப்பவும் அப்படித்தான் பேசுவாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்க் கெட்டிலை வைத்துவிட்டு, தண்ணீர் கொதிக்கிற சத்தத்தில் அழுதேன்.

என் வீம்பில் கொஞ்சம் நியாயம் இருந்தது, செட்ரிக். இப்போது அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன். இரக்கப்பட்டு இல்லை. உன்னைத் திட்ட வேண்டிய பாக்கி நிறைய இருக்கிறது, நீ எதிர்த்துப் பேச முடியாத சமயம் பார்த்து வருகிறேன்.

எனிட்

*

விட்பி,
6 செப்டம்பர் 1993

அன்புள்ள செட்ரிக்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நோராவுக்கு நன்றி சொல். அவள் கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சை யார்க் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன். சாப்பிட முடியவில்லை.

உன் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கடற்பாலத்தின் முனை வரைக்கும் நடந்தது, நான் திட்டத் திட்ட நீ சிலேட்டில் ‘சத்தமாக’ என்று எழுதிக் காட்டியது, எல்லாம். ஆனால் பேனா வேறு பக்கம் போகிறது. ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத முடியாது.

அந்தப் பெண்கள் கும்பலாக வந்தபோதே நான் உன்னை வேறு பக்கம் இழுத்திருக்க வேண்டும். அந்தப் பருத்த அம்மாள், வைக்கோல் தொப்பிக்காரி, கூச்சல் போட்டாளே: "ஐயோ, இங்க பாருங்கடி! வால்டரும் மேபெலும்! இன்னமும் ஒண்ணாத்தான் இருக்காங்க!"

எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். உனக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிப்ரவரிக்குப் பிறகு ஊர் மனிதர்கள் நடுவே நீ நின்றது அதுதான் முதல் தடவை என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"ஐயா, ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் அதைச் சொல்லி நர்ஸைச் சிரிக்க வச்சாரு. ஒரு தடவை, புண்ணியமாப் போகும்."

உன் இரண்டு கையும் தானாக மேலே போனது. வாய் திறந்தது. கழுத்துக்குட்டை மெல்ல உள்ளே போய் வந்தது. அவ்வளவுதான். அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு உதட்டிலேயே உறைந்துவிட்டது. இன்னும் ஒரு கணம் போயிருந்தால் புரிந்துகொண்டிருப்பார்கள்.

நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மேபெலின் குரல் என் வாயிலிருந்து வந்தது.

"இந்த ஆளையா பேசச் சொல்றீங்க? காலம் பூரா பேசியே என் உயிரை எடுத்தாரு. இனிமே வாயைத் திறந்தா சோறு கிடையாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்குத்தான் அடங்கியிருக்காரு, கெடுத்துடாதீங்கடி!"

பிளாட்பாரமே சிரித்தது. டிக்கெட் பரிசோதகர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொப்பிக்காரி என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். என் வாழ்நாளில் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை. ஏழு வருடம் அதைத்தானே உன்னிடம் கேட்டேன்?

அப்புறம் ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாய். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அத்தனை பேர் நடுவில், உன் போன குரலை விற்று எனக்கு ஒரு சிரிப்பு வாங்கிக்கொண்டேன். காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் அவர்கள் சிரித்தபோது எனக்கு இனித்தது. அதை உன்னிடம் மறைக்க முடியாது.

நீ பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

எனிட்

*

வொர்த்திங்,
10 செப்டம்பர் 1993

என் அன்புள்ள எனிட்,

முதலில் தொழில். ‘இன்னிக்குத்தான்’ என்பதற்கு முன்னால் அரை மூச்சு விட்டிருக்க வேண்டும். முதல் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைப் போட்டுவிட்டாய். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. இனித்ததா? இனிக்காவிட்டால் நீ நடிகையே இல்லை.

ரயில் போன பிறகு அந்தப் பெண்கள் என்னை விடவில்லை. தேநீர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நான் வாயே திறக்கவில்லை. "பாவம், அவ்வளவு பயப்படறாரு பொண்டாட்டிக்கு" என்று எனக்கு ஒரு கேக் துண்டு அதிகமாகக் கொடுத்தார்கள். கடைசி வரை அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. மனிதர்கள் நடுவே ஒரு மத்தியானம் முழுக்க நான் வால்டராக இருந்தேன். வீட்டுக்கு வரும்போது மீன் கடைக்கு நானே போனேன். அது நீ கொடுத்தது.

ஆனால் அந்த மார்ச் மாதத்தை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. அது எப்படி இருந்திருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. நீ பேசியிருப்பாய், நான் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றிருப்பேன், ஊர் சிரித்திருக்கும். வருடக் கணக்கில் நாம் அப்படிச் செய்திருக்கலாம்.

நான் அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். அழவில்லை, எனிட். சிரித்தேன். குரலோடு சிரிப்புச் சத்தமும் போய்விட்டது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் சிரிப்பதற்கு எதுவும் வரவில்லை, அதனால் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, மூச்சு கழுத்து வழியாக முட்டுகிறது. நிற்க முடியாமல்தான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். அப்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய், ரயிலும் நகர்ந்துவிட்டது.

உன்னால் நான் அப்படிச் சிரித்ததை நீ பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

செட்ரிக்